மூன்று பழைய விளையாட்டுக் கருவிகளும் ஒரு புதிய லேப்டாப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நண்பன் ஒருவன் பரணைச் சுத்தம் செய்தபோது ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. அவன் கல்லூரிக் காலத்தில் விளையாடிய கருவிகள் மூன்று அதற்குள் இருந்தன. ஒன்று, 15 பின் கொண்ட அகலமான பிளக் உள்ள ஜாய்ஸ்டிக். இரண்டாவது, யூஎஸ்பி வயர் உள்ள சாதாரண கேம்பேட். மூன்றாவது, பெடல்களோடு கூடிய ஸ்டீயரிங் வீல், அதுவும் யூஎஸ்பிதான். அவன் மகளுக்கு விமானம் ஓட்டும் விளையாட்டில் ஆசை வந்திருக்கிறது. அப்பா பிடித்த அதே ஜாய்ஸ்டிக்கில்தான் ஓட்டுவேன் என்கிறாள். வீட்டில் இருப்பது புதிய லேப்டாப்: இரண்டு டைப்-சி துளைகள், ஒரே ஒரு பழைய வடிவ யூஎஸ்பி துளை, அதுவும் யூஎஸ்பி 3 வகை.

"மூணுமே செத்துப்போச்சு போலிருக்குடா, எதைச் செருகினாலும் ஒண்ணும் வரலை" என்றான். பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இப்படிப்பட்ட கருவிகளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. நல்ல ஸ்பிரிங், கைக்கு அடங்கும் பிடி, அழுத்தினால் தெளிவாகச் சொடுக்கும் பட்டன் என்று உள்ளே இருக்கும் வேலைப்பாடு இன்றைக்கும் மதிக்கத்தக்கது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். மூன்றும் 'வேலை செய்யவில்லை' என்ற ஒரே புகாரோடு வந்தன, ஆனால் மூன்றிலும் காரணம் வெவ்வேறு இடத்தில் இருந்தது.

முதல் மாலை: தவறு கருவியில் இல்லை

நண்பன் மூன்றையும் சோதித்தது டைப்-சி துளையில், மலிவான ஒரு மாற்றி வழியாக. நானும் அதே மாற்றியை எடுத்துச் செருகினேன். எதிலும் உயிர் இல்லை. கேம்பேடைப் பிரித்து சால்டரிங் எல்லாம் பார்த்தேன், எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான், அதே மாற்றியில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பார்க்கத் தோன்றியது. அதுவும் தெரியவில்லை. முதல் நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

பழைய யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். டைப்-சி அப்படியில்லை. எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியானால்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும். அந்த உறுதியைத் தருவது சிசி என்ற பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இருக்கும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். பழைய கருவிகளில் அந்தப் பின்னே கிடையாது என்பதால், ரெசிஸ்டர் மாற்றிக்குள் இருந்தாக வேண்டும். நண்பனின் மாற்றியைப் பிளந்து பார்த்தேன், அந்த ரெசிஸ்டர் வைக்கப்படவே இல்லை. லேப்டாப்பைப் பொறுத்தவரை அங்கே எதுவுமே செருகப்படவில்லை. வேறொரு மாற்றி போட்டதும் பென் டிரைவ் உடனே தெரிந்தது.

சரி, இனிமேல்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு கருவியையும் செருகிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இது எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது? லேப்டாப் சலனமே காட்டவில்லையா, சத்தம் எழுப்பிவிட்டுப் பிழை காட்டுகிறதா, பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தப்பாக நடக்கிறதா? ஜாய்ஸ்டிக் முதல் வகை, கேம்பேட் இரண்டாவது, வீல் மூன்றாவது.

ஜாய்ஸ்டிக்: விளக்கு எரிந்தது, அதுதான் குழப்பியது

15 பின் பிளக்குக்கு நண்பன் ஏற்கெனவே ஒரு மாற்றி வாங்கி வைத்திருந்தான். ஒரு பக்கம் 15 பின், மறுபக்கம் யூஎஸ்பி. டைப்-சி துளைக்கு நல்ல மாற்றி வந்த பிறகு அதைப் போட்டால் ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் சிறு விளக்கு எரிகிறது. "பாரு, கரண்ட் போகுது, லேப்டாப்புதான் வாங்கிக்க மாட்டேங்குது" என்பது அவன் முடிவு.

யூஎஸ்பி இணைப்பில் 4 கம்பிகள்: 5 வோல்ட், கிரவுண்ட், அப்புறம் தகவலுக்கு இரண்டு. லேப்டாப் பக்கம் இந்த இரண்டு தகவல் கம்பிகளையும் தலா 15 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கீழே இழுத்து வைத்திருக்கும். கருவி தன் பக்கம் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அவற்றில் ஒன்றை மேலே இழுக்கும். அந்த இழுப்பைப் பார்த்துத்தான் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று லேப்டாப்புக்குத் தெரியும். சத்தமும் வராமல் பிழைச் செய்தியும் வராமல் இருந்தால், அந்த இழுப்பே நடக்கவில்லை என்று பொருள். மாற்றியைத் திறந்தேன். உள்ளே சிப் எதுவும் இல்லை, வெறும் கம்பிகள். 5 வோல்ட் நேராக ஜாய்ஸ்டிக்குக்குப் போய் விளக்கை எரித்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஒரு மாற்றி விற்கிறார்கள் என்று கேட்கலாம். அதற்கும் நியாயமான பிறப்பு உண்டு. கேம்போர்ட் எனப்பட்ட பழைய 15 பின் துளையிலிருந்து யூஎஸ்பிக்கு மாறிய காலத்தில் சில ஜாய்ஸ்டிக்குகள் இரண்டு முறையிலும் பேசத் தெரிந்தவையாக வந்தன. மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் பிரெசிஷன் ப்ரோ அப்படி ஒன்று. யூஎஸ்பி மூளை ஸ்டிக்குக்குள்ளேயே இருந்ததால், கூட வந்த மாற்றிக்கு வேலை கம்பிகளை இடம் மாற்றுவது மட்டுமே. அந்த மாற்றியை வேறு ஸ்டிக்கில் போட்டால் பயனில்லை. யூஎஸ்பி மவுஸை பழைய வட்டத் துளையில் செருகக் கூடவே வந்த பச்சை நிற மாற்றியின் கதையும் இதேதான்.

நண்பனின் ஸ்டிக் அதற்கும் முந்தைய வகை, முழுக்க அனலாக். இந்த 15 பின் கேம்போர்ட்டை ஐபிஎம் 1981-ல் தன் முதல் பிசியோடு கொண்டுவந்தது. அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டிக்குக்குள் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பகுதி, 0 முதல் 100 கிலோ ஓம் வரை. கணினி மின்தடையை நேரடியாக அளக்காது. ஒரு சிறு மின்தேக்கியைக் காலி செய்துவிட்டு, அந்த மின்தடை வழியாக அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணும். ஸ்டிக் ஒரு ஓரத்தில் இருந்தால் சுமார் 24 மைக்ரோ விநாடி, மறு ஓரத்தில் இருந்தால் சுமார் 1,124 மைக்ரோ விநாடி. அந்த நேரம்தான் ஸ்டிக்கின் நிலை. எண்ணுகிற வேலையைக் கணினியின் மையச் செயலியே செய்தது. அதனால்தான் அந்தக் காலத்து விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஆரம்பத்தில் 'ஸ்டிக்கை மூலைக்கு மூலை நகர்த்து' என்று கேட்டன. வேகமான கணினியில் எண்ணிக்கை கூடும், மெதுவானதில் குறையும், அதைச் சரிக்கட்டத்தான் அந்தச் சடங்கு.

விண்டோஸ் விஸ்டாவோடு கேம்போர்ட்டுக்கான ஆதரவு போய்விட்டது. இன்றைய லேப்டாப்புக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒன்று வேண்டும். சிப் வைத்த மாற்றிகள் கடையில் கிடைக்கின்றன. அனலாக் ஸ்டிக்குக்கு அவை பெரும்பாலும் போதும். நான் செய்தே பார்க்க விரும்பினேன். அட்மெகா 32யூ4 சிப் உள்ள, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன ஆர்டுயினோ வகை போர்டு ஒன்று கையில் இருந்தது. அந்தச் சிப் தானே யூஎஸ்பி பேசும், தன்னை ஜாய்ஸ்டிக் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும், விண்டோஸில் தனி டிரைவர் தேவையில்லை.

முதலில் மல்டிமீட்டர். பின் 1-க்கும் பின் 3-க்கும் இடையே எக்ஸ் அச்சு, 1-க்கும் 6-க்கும் இடையே ஒய் அச்சு. இன்ஜின் வேகத்துக்கான நெம்புகோலான த்ராட்டில், இந்த ஸ்டிக்கில் 13-ஆவது பின். ஸ்டிக்கை மெதுவாக நகர்த்தினால் மின்தடை சீராக ஏறி இறங்க வேண்டும். எக்ஸ், ஒய் இரண்டும் கொஞ்சம் தடுமாறின, த்ராட்டில் அங்கங்கே தாவியது. பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடத்தில் 20 ஆண்டுத் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது தடவை ஆட்டியதும் முதல் இரண்டும் சீராகின. த்ராட்டில் பாதிதான் திருந்தியது. பட்டன்கள் 2, 7, 10, 14 பின்களில், அழுத்தினால் கிரவுண்டோடு சேரும். 12-ம் 15-ம் மிடி என்ற இசைக்கருவி இணைப்புக்காகப் பயன்பட்ட பின்கள், சவுண்ட் கார்டுக்கு ஏற்ப மாறுபட்டவை. அவற்றைத் தொடவே இல்லை.

அடுத்து நான் செய்த பிழை. பொட்டென்ஷியோமீட்டரின் ஒரு முனை 5 வோல்ட்டில் இருக்கிறது, நடுமுனை அச்சுப் பின்னுக்கு வருகிறது, மூன்றாவது முனை வெளியே வருவதில்லை. ஆகவே அச்சுப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம் போட்டு, வோல்ட்டை போர்டால் அளந்தேன். திரையில் விமானம் ஒரு பக்கம் வெடுக்கென்று சாய்ந்தது, மறுபக்கம் சோம்பிச் சாய்ந்தது. கணக்குப் போட்டால் காரணம் கண்ணெதிரே நிற்கிறது: ஸ்டிக் ஒரு ஓரத்தில் 5 வோல்ட், நடுவில் (50 கிலோ ஓம்) 2.42 வோல்ட், மறு ஓரத்தில் 1.6 வோல்ட். ஒரு பாதிக்கு 2.58 வோல்ட் இடைவெளி, இன்னொரு பாதிக்கு 0.82 மட்டுமே. விண்டோஸின் அளவுதிருத்தத்தால் இது சரியாகாது. அது நடுவையும் ஓரங்களையும்தான் பிடித்துக்கொள்ளும், இடையில் உள்ள வளைவை நேராக்காது. சரியான வழி, வோல்ட்டை அப்படியே அனுப்பாமல் அதிலிருந்து மின்தடையைத் திரும்பக் கணக்கிட்டு அனுப்புவது: 47 பெருக்கல் (5 வகுத்தல் வோல்ட், கழித்தல் 1). நிரலில் ஒரே வரி. 1.6 வோல்ட்டைப் போட்டுப் பாருங்கள், 100 கிலோ ஓம் வந்துவிடும். போர்டு தன் சொந்த 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்து அளப்பதால், யூஎஸ்பி மின்சாரம் 4.8 ஆகக் குறைந்தாலும் விகிதம் மாறாது. எட்டு அளவீடுகளின் சராசரியை எடுத்ததும் மீதி நடுக்கமும் அடங்கியது. ஸ்டிக் சாய்ந்த அளவுக்கே விமானம் சாய்ந்தது.

உங்கள் கையில் இருப்பது டிஜிட்டல் வகை கேம்போர்ட் ஸ்டிக் என்றால் மேலே சொன்னது எதுவும் உதவாது. சைட்விண்டர் வரிசை, கிராவிஸ், லாஜிடெக் ஆகியவை அதே 15 பின்னில் தங்களுக்கே உரிய டிஜிட்டல் மொழியைப் பேசின. மலிவான சிப் மாற்றியில் அவற்றைச் செருகினால் மாற்றி 'நான்கு அச்சு, நான்கு பட்டன்' என்று பெருமையாக அறிவிக்கும், எதுவும் அசையாது. சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ, கையை உதறும் விசைக்கான கட்டளைகளை மிடி கம்பி வழியாக வாங்கிக்கொண்டது. இந்த மொழிகளை ஆர்வலர்கள் பொறுமையாக ஆராய்ந்து, மேலே சொன்ன அதே சிப்புக்கான நிரல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். விசை உட்பட இன்றைய விண்டோஸில் வேலை செய்யவைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

கேம்பேட்: துளை பொருந்தியது, பேச்சு நின்றது

இதைச் செருகியதும் லேப்டாப் சத்தம் எழுப்பியது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் 'அறியப்படாத யூஎஸ்பி கருவி', பிழை எண் 43, டிஸ்க்ரிப்டர் கோரிக்கை தோல்வி. பிரித்த கேம்பேடில் மல்டிமீட்டர் வைத்தேன். இரண்டு தகவல் கம்பிகளில் வெள்ளைக் கம்பியில் ஏறத்தாழ 3 வோல்ட், பச்சையில் பூஜ்யம். அதாவது கருவி கை உயர்த்திவிட்டது, அதுவும் வெள்ளைக் கம்பியில். வெள்ளையில் இழுத்தால் மெதுவான வகை, விநாடிக்கு 15 லட்சம் பிட். பச்சையில் இழுத்தால் முழு வேகம், 120 லட்சம். பழைய கேம்பேடுகளில் பல மெதுவான வகையே, பட்டன் அழுத்தத்தைச் சொல்ல அதுவே தாராளம்.

கை உயர்த்திய கருவியிடம் லேப்டாப் முதலில் கேட்பது அதன் அறிமுகச் சீட்டை (அதுதான் டிஸ்க்ரிப்டர்), 18 பைட். மெதுவான கருவியில் அது 8, 8, 2 என்று மூன்று துண்டாக வரும். அந்த இடத்தில்தான் பேச்சு முறிந்தது. லினக்ஸ் பென் டிரைவில் துவக்கிப் பார்த்தபோதும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் அதே நிலை: 'மெதுவான வேகக் கருவி வந்துள்ளது' என்ற வரி, அதன் கீழே அறிமுகச் சீட்டைப் படிப்பதில் பிழை 71. நெறிமுறைப் பிழை என்று அதற்குப் பொருள். இரண்டு இயங்குதளத்திலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் விண்டோஸ் டிரைவரை அழித்து அழித்து நிறுவிப் பயனில்லை. நண்பன் அதை ஏற்கெனவே நான்கு தடவை செய்திருந்தான்.

அதே கேம்பேட் என் பழைய கணினியில் உடனே வேலை செய்தது. வித்தியாசம் எங்கே? யூஎஸ்பி 2 காலத்துக் கணினிகளில் வேகமான கருவிகளுக்கு ஈஎச்சிஐ என்ற ஒரு கட்டுப்படுத்தியும், மெதுவானவற்றுக்குத் தனியாகத் துணைக் கட்டுப்படுத்தியும் இருப்பது வழக்கம். யூஎஸ்பி 3-க்காக வந்த எக்ஸ்எச்சிஐ கட்டுப்படுத்தி எல்லா வேகத்தையும் தானே கவனிக்கிறது. இன்டெல் தன் 100 வரிசை சிப்செட்டில், 2015-ல், பழைய ஈஎச்சிஐயை எடுத்தே விட்டது. ஆகவே 'கறுப்புத் துளையில் செருகு, அது யூஎஸ்பி 2' என்ற பழைய அறிவுரையை நம்பி மேசைக் கணினியின் பின்பக்கம் தேடினாலும், கறுப்புத் துளைக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் அதே புதிய கட்டுப்படுத்திதான். விதியைக் கறாராகப் பின்பற்றாத பழைய கருவி, பழைய கட்டுப்படுத்தியின் நிதானத்தில் தப்பித்துக்கொண்டிருந்திருக்கும். புதியதன் முன்னால் தடுமாறுகிறது.

தீர்வு எளிது: நடுவில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2 ஹப், ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி. லேப்டாப்புக்கும் ஹப்புக்கும் இடையே விநாடிக்கு 48 கோடி பிட் வேகத்தில் பேச்சு நடக்கும். ஹப்புக்குள் இருக்கும் மொழிபெயர்ப்புப் பகுதி, கேம்பேடோடு மெதுவான வேகத்தில் தானே பேசும். கருவியை மீட்டமைப்பது, துண்டு துண்டாக வாங்குவது எல்லாம் இப்போது ஹப்பின் நேரக்கணக்கில் நடக்கிறது. செருகினேன், பெயரோடு வந்து நின்றது. பிழை 43 காட்டும் எந்தப் பழைய கருவிக்கும், டிரைவர் பக்கம் போவதற்கு முன் முதலில் ஹப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். எல்லா நேரமும் காப்பாற்றாது, ஆனால் இரண்டு நிமிடச் சோதனை.

ஒரு வாரம் கழித்து நண்பன் அழைத்தான். பத்து நிமிடம் சும்மா வைத்தால் கேம்பேட் மறைந்துவிடுகிறதாம். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்ததும் நின்றது. தூங்கச் சொன்னால் தூங்கிவிட்டு, எழுப்பினால் எழாத கருவிகளுக்கு அதுதான் மருந்து.

வீல்: எல்லாம் சரியாகத் தெரிந்தது, ஓட்டம்தான் இல்லை

இதில் இணைப்புச் சிக்கலே இல்லை. டிவைஸ் மேனேஜரில் பெயர் வருகிறது, திருப்பினால் அச்சு நகர்கிறது. ஆனால் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பியதுமே திரையில் முழுத் திருப்பம் ஆகிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒரே அச்சில் எதிரெதிராக நகர்கின்றன, இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

லாஜிடெக்கின் டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோ, ஜி25, ஜி27 போன்ற வீல்கள் செருகியவுடன் தங்களை ஒரு எளிய பழைய வீலாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும். புதிய வீலைப் பற்றித் தெரியாத விளையாட்டும் அதை ஏற்றுக்கொள்ளட்டும் என்ற நல்ல யோசனை அது. அந்த நிலையில் 200 பாகைத் திருப்பம் மட்டும். கணினியிலிருந்து ஒரு கட்டளை போனால், வீல் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தன் உண்மையான அடையாளத்தோடு மீண்டும் வரும், 900 பாகையோடு. நண்பனின் வீலும் இந்த வகை. தயாரிப்பு எண் சி294 என்று காட்டியது, அது எளிய நிலையின் எண்.

உறுதிசெய்ய மறுபடி லினக்ஸ் பென் டிரைவ். லினக்ஸ் கர்னலில் உள்ள டிரைவர் அந்தக் கட்டளையைத் தானாகவே அனுப்பும். துவக்கியதும் எண் சி298 ஆனது, சக்கரம் முழுதாகச் சுழன்றது, பெடல்கள் பிரிந்தன. ஆக, வீலில் குறை இல்லை, விண்டோஸில் கட்டளை அனுப்ப ஆள் இல்லை. தயாரிப்பாளரின் பழைய மென்பொருளை நிறுவியதும் அங்கேயும் சரியானது. சில விளையாட்டுகளில் மட்டும் வீலும் ஜாய்ஸ்டிக்கும் தெரியவில்லை. அவை எக்ஸ்இன்புட் என்ற, எக்ஸ்பாக்ஸ் கேம்பேடை மனதில் வைத்துச் செய்த வழியை மட்டும் கேட்பவை. பழைய கருவிகள் டைரக்ட்இன்புட் வழியில் பேசுகின்றன. அங்கே ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளில் உள்ள ஸ்டீம் இன்புட் வசதி நடுவில் நின்று மாற்றிக் கொடுத்தது.

இப்போதைய நிலை

டைப்-சி துளையில் புதிய மாற்றி, அதில் யூஎஸ்பி 2 ஹப், ஹப்பில் மூன்று கருவிகளும். வீலின் மோட்டாருக்கு அதன் சொந்த அடாப்டர் இருப்பதால் ஹப்பின் மின்சாரம் போதுமானதாக இருக்கிறது. ஜாய்ஸ்டிக் போர்டை ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, 15 பின் பெண் பிளக்கை வெளியே தெரியும்படி பொருத்தினேன். ஸ்டிக்கின் சொந்த வயரை வெட்டவில்லை, என்றாவது ஒரு பழைய சவுண்ட் கார்டு கிடைத்தால் நேரே செருகலாம்.

நண்பனின் மகள் முதல் தரையிறக்கத்தை மூன்றாவது முயற்சியில் முடித்தாள். அவள் சொன்ன ஒரே குறை, த்ராட்டிலைப் பாதியில் நிறுத்தினால் இன்ஜின் சத்தம் நடுங்குகிறது என்பது. அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் தடம் தேய்ந்துவிட்டது, இனி கிளீனர் உதவாது. அதே உயரத் தண்டு உள்ள 100 கிலோ ஓம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து மாற்றப் போகிறேன்.